கேன்சரா இருக்குமோன்னு சந்தேகமா? எதைக் கவனிக்கணும், எப்ப டாக்டர்கிட்ட போகணும்

உடம்புல ஏதோ ஒண்ணு புதுசா தெரியுது, ராத்திரி போனை எடுத்துத் தேடினா எங்க சுத்தினாலும் கடைசில கேன்சர்லதான் போய் நிக்குது, தூக்கம் போச்சு. இது ஒரு ரகம். இன்னொரு ரகம் "வலியே இல்லையே, அப்புறம் என்ன"ன்னு ஆறு மாசம் அப்படியே விட்டுடறவங்க. முதல் ரகத்துக்கு நஷ்டம் தூக்கம்தான். ரெண்டாவது ரகத்துக்காகத்தான் முக்கியமா இதை எழுதறேன். ஏன்னா கேன்சர்ல வலி பெரும்பாலும் லேட்டாத்தான் வரும். ஆரம்பத்துல கட்டி வலிக்காது, யூரின்ல ரத்தம் போனா எரியாது, வாய்ல இருக்கற புண் கூட சில சமயம் உறைக்காது. அதனால வலியை வச்சு முடிவு பண்ணாதீங்க, காலண்டரை வச்சு முடிவு பண்ணுங்க.

பயந்த ரகத்துக்கும் ஒண்ணு சொல்லிடறேன். இங்கிலாந்துல டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதற நைஸ்ங்கற அமைப்பு 2015ல ஒரு கோடு போட்டாங்க: ஒருத்தரோட அறிகுறிய பார்த்தா கேன்சரா இருக்க 3 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே போதும், சீக்கிரமா டெஸ்டுக்கோ ஸ்பெஷலிஸ்ட்கிட்டயோ அனுப்பிடணும். அந்தக் கோட்டுல நிக்கற 100 பேர எடுத்தா 97 பேருக்கு அது வேற ஏதோ பிரச்சனை. அதனால டாக்டர் "ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்"னு சொன்ன நிமிஷமே வீட்டுல எல்லாரும் அழ ஆரம்பிக்க வேண்டியதில்ல.

முதல்ல மூணு கேள்வி

எந்த அறிகுறியா இருந்தாலும் இதைக் கேட்டுக்கோங்க. இது எனக்கு புதுசா? இதுக்கு கண்ணுக்குத் தெரிஞ்ச காரணம் ஏதாவது இருக்கா? போகாம நிக்குதா, இல்ல கூடிக்கிட்டே வருதா?

இதுல "எனக்கு"ங்கறதுதான் முக்கியம். இருபது வருஷமா மலச்சிக்கல் இருக்கற ஒருத்தருக்கு இன்னைக்கும் மலச்சிக்கல்னா அது ஒரு விஷயமே இல்ல. வாழ்க்கை பூரா காலைல எழுந்தவுடனே சரியா போயிட்டு வந்தவருக்கு 55 வயசுல திடீர்னு ஒரு நாளைக்கு நாலு தடவ, அதுவும் ஒரு மாசமா போகுதுன்னா அது விஷயம். ஊர்ல இருக்கற எல்லாருக்கும் எது நார்மல்னு தேடாதீங்க, உங்க உடம்புக்கு எது நார்மலா இருந்துச்சுன்னு யோசிங்க.

அடுத்து, ஆரம்பிச்ச தேதிய போன்ல குறிச்சு வைங்க. இதை யாருமே பண்றதில்ல, டாக்டர் "எத்தன நாளா"ன்னு கேட்டா "கொஞ்ச நாளா"ன்னு சொல்லுவோம், அந்தக் கொஞ்ச நாள் ரெண்டு வாரமா நாலு மாசமான்னு நமக்கே தெரியாது. "3ஆம் தேதி, நாக்கோட இடது ஓரம், பட்டாணி சைஸ், ஓரம் வெள்ளையா இருக்கு, எரியல" இவ்வளவு போதும். வெளிய தெரியற விஷயம்னா போட்டோவும் எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுத்தா அடுத்த வாரம் எடுக்கற போட்டோவோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூணு வாரக் கணக்கு

சாதாரண வாய்ப்புண் ரெண்டு வாரத்துல ஆறிடும். ஜலதோஷத்தோட வர்ற இருமலும் தொண்டைக்கட்டும் பெரும்பாலும் மூணு வாரத்துக்குள்ள போயிடும். அதைத் தாண்டி நிக்குதுன்னா அப்பதான் சந்தேகம். அதனால இதுக்கெல்லாம் 3 வாரம் டைம் குடுக்கலாம், அதுக்கு மேல குடுக்கக் கூடாது: ஆறாத வாய்ப்புண், வாய்க்குள்ள வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு, குரல் கம்மிப்போய் திரும்பாம இருக்கறது, விடாத இருமல், மோஷன் போற பழக்கம் மாறிப்போறது, தினமும் வயிறு உப்பிக்கிட்டு கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்ச மாதிரி இருக்கறது.

புகையிலை, பாக்கு போடற பழக்கம் இருக்கறவங்க வாய் விஷயத்துல கூடுதலா உஷாரா இருக்கணும். வாய் முன்ன மாதிரி முழுசா திறக்க வரலன்னா, காரம் கொஞ்சம் பட்டாலே எரியுதுன்னா, 3 வாரமெல்லாம் எண்ணாதீங்க, பல் டாக்டர்கிட்டயே போகலாம், அவங்க வாயைத்தான் தினமும் பார்க்கறாங்க. கூரான பல்லு உரசித்தான் புண்ணுன்னு சொன்னா பல்லைத் தேய்ச்சு சரிபண்ணிட்டு ரெண்டு வாரம் கழிச்சு திரும்பக் காட்டுங்க, அந்த ரெண்டாவது பார்வைய விட்டுடாதீங்க.

வயிறு உப்புசத்தை நான் தனியா சொல்லக் காரணம் இருக்கு. 50 தாண்டின ஒரு பெண்ணுக்கு புதுசா வயித்து உப்புசம், அடிவயித்துல கனம், அடிக்கடி யூரின் போகணும் போல இருக்கு, இது எல்லாம் தினமும் இருக்குன்னா "கேஸ்"னு மாத்திரை போட்டு மாசக்கணக்குல ஓட்டுவாங்க. அந்த வயசுல புதுசா குடல் எரிச்சல் நோய் ஆரம்பிக்கறது அபூர்வம். கருப்பையோட ரெண்டு பக்கமும் இருக்கற சினைப்பையை ஒரு தடவ அல்ட்ராசவுண்ட்ல பார்த்துடணும்.

நாள் எண்ணாம போக வேண்டியது

இந்த லிஸ்ட்ல இருக்கறது ஒரே ஒரு தடவ நடந்தாலும் அந்த வாரத்துக்குள்ள டாக்டரைப் பார்க்கணும்.

யூரின்ல ரத்தம். வலி இல்லாம ஒரு நாள் சிவப்பா போகும், மறுநாள் சுத்தமா நின்னுடும், மாசக்கணக்குல வராது. சிறுநீர்ப்பை கேன்சரோட குணமே இப்படித்தான், வந்துட்டு நின்னுடும், நாமளும் "சரியாயிடுச்சு"ன்னு விட்டுடுவோம். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவப்பா போகும், சில மாத்திரைகள்லயும் கலர் மாறும், அது ரத்தமா இல்லையான்னு ஒரு சாதாரண யூரின் டெஸ்ட் சொல்லிடும். இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாடிக் குடுத்தாங்கன்னா கோர்ஸ் முடிஞ்சப்புறம் திரும்ப ஒரு யூரின் டெஸ்ட் எடுத்து ரத்தம் இல்லன்னு பார்த்துக்கோங்க. புகை பிடிக்கறவங்களுக்கு இதுல ரிஸ்க் ரொம்ப அதிகம், சிகரெட்னா நுரையீரல்னு மட்டும் நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

மாதவிடாய் முழுசா நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ரத்தம் படறது. ஒரு சொட்டு கறையா இருந்தாலும் சரி. பத்துல ஒருத்தருக்கு கருப்பை கேன்சரா இருக்கும், மத்தவங்களுக்கு சதை வளர்ச்சியோ, உள்சுவர் மெலிஞ்சு போனதோ காரணமா இருக்கும். முதல்ல ஸ்கேன்ல உள்சுவரோட தடிமனை அளப்பாங்க, தடிமனா இருந்தா கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. "திரும்ப பீரியட்ஸ் ஆரம்பிச்சிருக்கு போல"ன்னு அம்மாவோ பெரியம்மாவோ சொன்னா சிரிச்சுட்டு விடாதீங்க, கூட்டிட்டுப் போங்க. அதே மாதிரி உறவு வச்சுக்கிட்டப்புறம் ரத்தம் வந்தா, ரெண்டு பீரியட்ஸுக்கு நடுவுல வந்தா, கருப்பை வாயை டாக்டர் நேர்ல பார்க்கணும். வெளிய சொல்லக் கூச்சப்பட்டே லேட்டாகற விஷயம் இது.

மார்புல கட்டி. பெரும்பாலான கட்டி கேன்சர் இல்ல, அதுலயும் சின்ன வயசுல தொட்டா வழுக்கி ஓடற கட்டி பெரும்பாலும் சாதாரணம்தான், ஆனா விரலை வச்சு தீர்ப்பு சொல்ல டாக்டராலயே முடியாது, அதனாலதான் கையால பார்க்கறது, ஸ்கேன் இல்லன்னா மேமோகிராம்ங்கற மார்பக எக்ஸ்ரே, ஊசி டெஸ்ட்னு மூணையும் சேர்த்துப் பார்ப்பாங்க. கட்டி இல்லாமலும் வரலாம்: காம்பு புதுசா உள்ள இழுத்துக்கறது, காம்புல ரத்தம் கசியறது, தோல் குழி விழறது, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா தடிச்சுப் போறது, அக்குள்ல கட்டி. பால் குடுக்காத ஒரு பெண்ணுக்கு மார்பு சிவந்து வீங்கி ஆன்டிபயாடிக்ல அடங்கலன்னா அதையும் சும்மா விடக் கூடாது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அபூர்வம்தான், ஆனா காம்புக்குக் கீழ ஒரு பக்கம் மட்டும் கெட்டியா இருந்தா காட்டணும்.

விழுங்கறதுல சிரமம். முதல்ல கெட்டியான சாப்பாடு நெஞ்சுல நிக்கும், தண்ணி குடிச்சு இறக்குவோம், அப்புறம் குழைச்சு சாப்பிடுவோம், அப்புறம் கஞ்சி. இப்படி ஒவ்வொரு படியா நாம நம்மளையே மாத்திக்கிட்டுப் போறதாலதான் பிரச்சனை பெருசாகறதே தெரியாது. வாய் வழியா கேமராக் குழாய் விட்டுப் பார்க்கற எண்டோஸ்கோபி பண்ணியே ஆகணும்.

இருமும்போது ரத்தம். வலி இல்லாம வர்ற மஞ்சக்காமாலை, கூடவே உடம்பு அரிக்குது, மோஷன் வெளிறிப்போய் யூரின் கடும் மஞ்சளா போகுதுன்னா கணையத்தையும் பித்தக்குழாயையும் ஸ்கேன்ல பார்க்கணும். விதைப்பையில வலியில்லாத கட்டியோ ஒரு பக்கம் மட்டும் கனமோ, இது 20, 30 வயசுப் பசங்களுக்கே வர்றது, சீக்கிரம் பிடிச்சா குணமாகற வாய்ப்பு ரொம்ப அதிகம், யார்கிட்டயும் சொல்லாம வச்சுக்கறதுதான் ஆபத்து.

மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க

மோஷன்ல ரத்தம் வந்தா பத்துக்கு ஒன்பது பேர் வாயில வர்றது "உடம்பு சூடு" இல்லன்னா "மூலம்". பெரும்பாலும் மூலமாத்தான் இருக்கும், அதையும் ஒத்துக்கறேன். ஆனா மூலம் இருக்கறவருக்கு குடல் கேன்சர் வரக்கூடாதுன்னு எந்த சட்டமும் இல்ல, ரெண்டும் ஒண்ணா இருக்கலாம். முதல் தடவயாவது ஒரு டாக்டர் பரிசோதிச்சு மூலம்னு சொல்லணும். ஆசனவாய்ல விரல் விட்டுப் பார்க்கற பரிசோதனைக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது, அதைப் பண்ணாம வெறும் களிம்பு எழுதிக் குடுத்தா "ஒரு தடவ பார்த்துடுங்களேன்"னு கேக்கலாம், தப்பே இல்ல.

ரத்தம் மலத்தோட கலந்தே வருது, சளி மாதிரி போகுது, போயிட்டு வந்தும் இன்னும் பாக்கி இருக்கற மாதிரியே இருக்கு, எடை குறையுது, குடும்பத்துல யாருக்காவது குடல் கேன்சர் இருந்திருக்கு, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியா கேமரா விட்டு பெருங்குடலைப் பார்க்கறது) பத்தி கேளுங்க. வயசு கம்மின்னு சொல்லி ஒதுக்கவும் முடியாது. பிளாக் பாந்தர்ல நடிச்ச சாட்விக் போஸ்மனுக்கு 2016ல குடல் கேன்சர் மூணாவது ஸ்டேஜ்னு தெரிய வந்தப்ப 40 கூட ஆகல, 2020ல 43 வயசுல இறந்துட்டார். மோஷன் தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு நாத்தத்தோட போனா மேல் வயித்துல ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் கருப்பாத்தான் போகும், அதைக் குழப்பிக்காதீங்க.

கண்ணுக்கு ரத்தமே தெரியாம இருக்கறதும் உண்டு. குடலோட வலது பக்கம் கேன்சர் இருந்தா துளித்துளியா கசியும், மோஷன்ல ஒண்ணும் தெரியாது, ஹீமோகுளோபின் மட்டும் இறங்கிக்கிட்டே போகும். மாடி ஏறினா மூச்சு வாங்குது, சோர்வு, பிளட் டெஸ்ட்ல ரத்தசோகை, இரும்பு மாத்திரை, மூணு மாசத்துல கொஞ்சம் ஏறும், நிறுத்தினா திரும்ப இறங்கும். பீரியட்ஸ் இருக்கற பெண்களுக்கு இரும்புச் சத்து குறைய காரணம் தெரியும். ஆம்பளைக்கும் பீரியட்ஸ் நின்னுபோன பெண்ணுக்கும் குறைஞ்சா "ரத்தம் எங்க போகுது?"ன்னு கேக்கணும். மாத்திரை இந்தக் கேள்விக்கு பதில் இல்ல.

எடை, வியர்வை, நெறி கட்டறது

டயட், நடைனு எதுவுமே பண்ணாம 6 மாசத்துல உடம்பு எடையில 5 சதவீதம் குறைஞ்சா பார்க்கணும், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆனா. நிறைய பேர் இதைப் பாராட்டா எடுத்துக்கறாங்க. சுகர், தைராய்டு, டிபி இதெல்லாம்தான் முதல்ல வர்ற காரணங்கள், அதையும் பார்த்துத்தானே ஆகணும். ராத்திரில துணி, தலையணை உறை நனைஞ்சு மாத்தற அளவுக்கு வியர்வை, விட்டு விட்டு வர்ற காய்ச்சல், கூடவே எடை குறைவுன்னா லிம்ஃபோமாங்கற நிணநீர் கேன்சரா டிபியான்னு டாக்டர் யோசிப்பார்.

கழுத்துல நெறி கட்டினா தொண்டை வலி, பல் வலி, தலையில புண்ணுன்னு ஏதாவது இருக்கும், தொட்டா வலிக்கும், ரெண்டு மூணு வாரத்துல வத்திடும். வலிக்காம, கல்லு மாதிரியோ ரப்பர் மாதிரியோ இருந்து பெருசாகிட்டே போனா காட்டணும். காலர் எலும்புக்கு மேல குழில வந்தா வத்தட்டும்னு காத்திருக்கவே வேண்டாம்.

தோல்

மச்சம் ரெண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லையா, ஓரம் பிசிறா இருக்கா, ஒரே மச்சத்துல ரெண்டு மூணு கலர் இருக்கா, 6 மில்லிமீட்டருக்கு மேல பெருசா, எல்லாத்துக்கும் மேல மாறிக்கிட்டே வருதா, இதைப் பாருங்க. கருப்பான தோல் இருக்கறவங்களுக்கு தோல் கேன்சரே வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. குறைவுதான், ஆனா வரும்போது யாரும் பார்க்காத இடத்துல வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. பாடகர் பாப் மார்லிக்கு கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில வந்துச்சு, ஃபுட்பால் ஆடி அடிபட்டதுன்னுதான் முதல்ல நினைச்சாங்க, 1977ல அது மெலனோமாங்கற தோல் கேன்சர்னு தெரிஞ்சுது, 1981ல 36 வயசுல இறந்துட்டார். நகத்துல கருப்புக் கோடு புதுசா வந்து அகலமாகுதுன்னா, அடிபட்ட கருப்பு நகத்தோட சேர்ந்து வளர்ந்து வெளிய போகாம அங்கயே நிக்குதுன்னா, ஸ்கின் டாக்டர்கிட்ட போங்க. மாசக்கணக்குல ஆறாம, காஞ்சு உரிஞ்சு திரும்ப ரத்தம் கசியற புண்ணும் அப்படித்தான்.

இன்னைக்கே, இப்பவே போக வேண்டியது

ரத்த வாந்தி, நிறைய ரத்தம் இருமி வர்றது, கருப்பு மோஷனோட தலை சுத்தல், முதல் தடவயா வலிப்பு, முதுகு வலியோட கால் பலம் இழக்கறது இல்லன்னா யூரின் நின்னுபோறது, முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு முட்டறது. இதுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடையாது, எமர்ஜென்சிதான். ஏற்கனவே கீமோ எடுத்துக்கிட்டு இருக்கறவருக்கு காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான், பாராசிட்டமால் போட்டுட்டு விடியட்டும்னு இருக்கக் கூடாது.

குழந்தைகளுக்கு கேன்சர் அபூர்வம், அறிகுறியும் வேற. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோல ஒரு கண்ணு சிவப்பா, இன்னொரு கண்ணோட பாப்பா வெள்ளையா மின்னுதுன்னா உடனே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. பெரும்பாலும் ஃபிளாஷ் பட்ட கோணம்தான் காரணமா இருக்கும், ஆனா விழித்திரைல வர்ற கேன்சர் பல குழந்தைகளுக்கு முதல்ல தெரிஞ்சதே இப்படி ஒரு போட்டோலதான். அதே மாதிரி அடிபடாமலே உடம்புல நீலம் நீலமா, வெளிறிப்போய் விடாத காய்ச்சல், குளிப்பாட்டும்போது வயித்துல கெட்டியா தட்டுப்படறது, காலைல எழுந்தவுடனே தலைவலியோட வாந்தி, காரணமில்லாம நொண்டி நடக்கறது. "என் குழந்தை எப்பவும் போல இல்ல"ன்னு ஒரு அம்மா திரும்பத் திரும்ப சொன்னா அதுவே ஒரு அறிகுறிதான்.

டாக்டர்கிட்ட எப்படிப் பேசறது

நோய்ப் பேரை நீங்களே சொல்லிட்டுப் போகாதீங்க. "அல்சர் டாக்டர்"னு ஆரம்பிச்சா பேச்சு அந்தப் பக்கமே போயிடும். என்ன நடக்குது, எப்ப ஆரம்பிச்சுது, எப்படி மாறியிருக்கு, இதை மட்டும் சொல்லுங்க. குடும்பத்துல யாருக்கு எந்த கேன்சர் எத்தன வயசுல வந்துச்சு, சாப்பிடற மாத்திரை, புகை, குடி எதையும் மறைக்காதீங்க. மனசுல இருக்கற பயத்தையும் வாய்விட்டே கேட்டுடுங்க: "இது கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு, இல்லன்னு எப்படி உறுதி பண்றது?"

கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். "இது எத்தன நாள்ல சரியாகணும், ஆகலன்னா எப்ப திரும்ப வரணும்?" அந்தத் தேதிய அங்கயே போன்ல போடுங்க. முதல் தடவையே எல்லாத்துக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது, அதனால முதல்ல மாத்திரை குடுத்துப் பார்க்கறது டாக்டரோட தப்பு இல்ல. சரியாகாதப்ப நாம திரும்பிப் போகாம மெடிக்கல் ஷாப்ல அதே மாத்திரைய வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டே இருக்கோமே, அங்கதான் மாசக்கணக்கு போகுது. இல்லன்னா ஒவ்வொரு தடவயும் வேற வேற டாக்டர்கிட்ட போறோம், அவங்க ஒவ்வொருத்தருக்கும் இது முதல் தடவ. திரும்பிப் போறப்ப "இதே பிரச்சனைக்கு இது மூணாவது தடவ வர்றேன், ஆரம்பிச்சு ஏழு வாரம் ஆச்சு"ன்னு சொல்லிப் பாருங்க, பேச்சே மாறும். மாறலன்னா வேற டாக்டர், பழைய சீட்டெல்லாம் கையில எடுத்துக்கிட்டு.

டெஸ்ட் பத்தி

நார்மல் பிளட் டெஸ்ட் கேன்சர் இல்லன்னு சொல்லாது, பல கேன்சர்ல ரத்தம் சுத்தமா நார்மலாத்தான் இருக்கும். பேக்கேஜ்ல சேர்த்து விக்கற ட்யூமர் மார்க்கர் டெஸ்டை (ரத்தத்துல கேன்சரோட அடையாளத்தைத் தேடற டெஸ்ட்; சிஏ 125, சிஇஏ, பிஎஸ்ஏ எல்லாம் இந்த வகைதான்) அறிகுறி எதுவும் இல்லாம சும்மா எடுக்காதீங்க. சிஏ 125 பீரியட்ஸ் சமயத்துலயும், கருப்பை உள்சுவர் மாதிரி சதை வெளிய வளர்ற எண்டோமெட்ரியோசிஸ்லயும் ஏறும், சிஇஏ புகை பிடிச்சாலே கூடும், பிஎஸ்ஏ யூரின் இன்ஃபெக்‌ஷன்ல ஏறும். ஏறினா தேவையில்லாத பயம், ஏறலன்னா தப்பான நிம்மதி.

ஊசி குத்தினா, சதை எடுத்தா கேன்சர் பரவிடும்னு சொல்லி பயாப்ஸிய (சதைத் துண்டு எடுத்துப் பார்க்கற டெஸ்டை) தள்ளிப்போடறவங்க இன்னும் இருக்காங்க. ஊசி போன வழில செல் ஒட்டறது ரொம்ப ரொம்ப அபூர்வம், சில வகைக் கட்டில டாக்டர்கள் அதுக்குத் தகுந்த மாதிரி வழிய மாத்தி எடுப்பாங்க. பயாப்ஸி இல்லாம எந்த வகைன்னே தெரியாது, வகை தெரியாம வைத்தியம் கிடையாது.

அறிகுறியே இல்லாதவங்களுக்குத்தான் ஸ்கிரீனிங்: கருப்பை வாய்க்கு எச்பிவி வைரஸைத் தேடற டெஸ்டோ, அங்க இருந்து செல் எடுத்துப் பார்க்கற பாப் ஸ்மியரோ, மார்புக்கு மேமோகிராம், குடலுக்கு மலப் பரிசோதனையோ கொலோனோஸ்கோபியோ, ரொம்ப வருஷம் சிகரெட் பிடிச்சவங்களுக்கு குறைஞ்ச கதிர் சிடி. எந்த வயசுல ஆரம்பிக்கணும்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அறிகுறி வந்தப்புறம் "போன வருஷம் ஸ்கிரீனிங் நார்மல்"னு சாக்கு சொல்லக் கூடாது, அந்த ரிப்போர்ட் போன வருஷத்துக்கு மட்டும்தான்.

டெஸ்ட் குடுத்த அன்னைக்கே ரிசல்ட் எப்ப வரும், யார் சொல்லுவாங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க. போன் வரலன்னா நார்மல்னு எடுத்துக்காதீங்க, தேதி தாண்டினா நீங்களே கூப்பிடுங்க. ரிப்போர்ட்டோட காப்பி ஒண்ணு உங்ககிட்ட இருக்கணும். பயாப்ஸி எடுத்திருந்தா அந்தச் சதையை வச்சிருக்கற கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் லேப்ல பத்திரமா இருக்கும், ரெண்டாவது கருத்து வேணும்னா அதையே வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்ட்கிட்ட (சதையை மைக்ரோஸ்கோப்ல பார்க்கற டாக்டர்கிட்ட) காட்டலாம், திரும்ப ஊசி குத்திக்கத் தேவை பெரும்பாலும் வராது.